குறுகிய கேசிங்கில் 240 நீர்க்குளிர்விப்பான்: சுங்கை சிப்புட் ஸ்டூடியோ ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள சுங்கை சிப்புட் தோட்டங்களை அண்டி வளர்ந்த பட்டணம். ஒரு தலைமுறைக்கு முன் பால்மரம் (ரப்பர் மரம்) நின்ற நிலத்தில் இன்று பெரும்பகுதி செம்பனை நிற்கிறது. அங்கே ஒரு கடைவரிசையின் மாடியறையில் திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா ஆகியவற்றைப் படமெடுத்துத் தொகுத்துத் தரும் சிறு ஸ்டூடியோ இயங்குகிறது. அதன் உரிமையாளர் முப்பது வயதைக் கடந்தவர், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு உதவியாக அவருடைய தம்பி மட்டுமே இருக்கிறார். நான் அதே பட்டணத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன்.

2023 அக்டோபரில், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, உரிமையாளர் தம் கணினியையும் இணையத்தில் வாங்கிய, இன்னும் பிரிக்காத 240 வகை (120 மில்லிமீட்டர் காற்றாடி இரண்டு அடுத்தடுத்து நிற்கும்) நீர்க்குளிர்விப்பான் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். "அண்ணே, இதை மாட்டிக் குடுத்தா போதும்" என்பது அவர் கேட்டது. இரவில் ரெண்டர் (தொகுத்த காட்சியை இறுதிக் காணொளிக் கோப்பாக மாற்றுவது) போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருப்பதில்லை என்பதும், அறை முழுக்கக் காற்றாடி இரைச்சலாக இருக்கிறது என்பதும் அவருடைய குறை.

கணினியில் முதலில் ரைசன் 5 3600 செயலி இருந்தது. முந்தைய ஆண்டு அதை எடுத்துவிட்டு, பயன்படுத்திய ரைசன் 7 5800எக்ஸ் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். 5800எக்ஸ் குளிர்விப்பான் இல்லாமல் விற்கப்படும் செயலி. அதனால் 3600-இன் பெட்டியில் வந்த, 54 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறிய குளிர்விப்பானையே இதன் மீதும் மாட்டிவிட்டார்கள். 3600, தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) தான் அமரும் சாக்கெட்டிலிருந்து அதிகபட்சம் 88 வாட் எடுக்கும், 5800எக்ஸோ 142 வாட் வரை எடுக்கும். குறையின் பாதி இந்த இரண்டு எண்களிலேயே இருந்தது. மறுபாதியைக் காண நான் மாடியறைக்குப் போக வேண்டியிருந்தது.

ஸ்டூடியோவில் கண்டவை

கணினி நின்றது ஒரு மேசையின் கீழ்மாடத்தில். இரண்டு பக்கமும் பின்புறமும் பலகையால் அடைத்த, 230 மில்லிமீட்டர் அகலமே உள்ள மாடம் அது. பால்மரம் சீவிய அவருடைய அப்பா, ஓய்வுபெற்ற பிறகு பால்மரப் பலகையிலேயே செய்து கொடுத்த மேசை என்று சொன்னார். அப்பா இப்போது இல்லை. கணினிப் பெட்டியான கேசிங்கின் அகலம் 205 மில்லிமீட்டர். "பெரிய கேசிங் வாங்கலாமே" என்ற என் முதல் யோசனை அந்த இடத்திலேயே முடிந்துபோனது.

அறையில் வெப்பமானி 32 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஒரு மணி நேரம் ரெண்டர் ஓடிய பின் மாடத்துக்குள் வைத்த அதே வெப்பமானி 38 காட்டியது. செயலி இரண்டே நிமிடத்தில் 90 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றது. அது 5800எக்ஸ்-க்கு விதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலை. அதைத் தொட்டதும் செயலி அணைந்துவிடாது, தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர்காக்கும். வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இறங்கியிருந்தது. ஒப்பீட்டுக்கென்று 12 நிமிடத் திருமணக் காட்சி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன், அதை ரெண்டர் செய்ய 37 நிமிடம் ஆயிற்று. பின்னர் எடுத்த அளவுகள் அனைத்தும் இதே காட்சியைக் கொண்டு எடுத்தவை.

பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், நம் ஊர் ஈரக்காற்றில் நீர்க்குளிர்விப்பான் வியர்த்துத் தாய்ப்பலகையில் சொட்டும் என்று உரிமையாளரை அச்சுறுத்தியிருந்தார். அப்படி நடக்காது. இந்தக் குளிர்விப்பானில் ஓடும் நீர் அறைக் காற்றினால் மட்டுமே ஆறுகிறது, ஆகவே அது அறையின் வெப்பநிலைக்குக் கீழே போக முடியாது, அறையைவிடக் குளிராத பரப்பில் பனித்துளி படியவும் முடியாது. குளிர்சாதனப் பெட்டியின் வேலை வேறு, இதன் வேலை வேறு. செயலியின் மேல் உட்காரும் பம்ப் தள்ளிவிட, நீர் செயலியிடமிருந்து வெப்பத்தை வாங்கி, இன்னோர் இடத்தில் உள்ள, மெல்லிய உலோக இதழ்களாலான ரேடியேட்டருக்குச் சுமந்து போகிறது, அங்கிருந்து அதை வெளியேற்றுவது காற்றுதான். இதை அவருக்கு விளக்கியபோது என் வாயாலேயே சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை நான் போதுமான அளவு மதிக்கவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது.

அளவெடுத்தல்

பெட்டியில் இருந்த ரேடியேட்டர் 277 மில்லிமீட்டர் நீளம், 120 அகலம், 27 தடிமன். அதன்மேல் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு காற்றாடிகள் வர வேண்டும். ஆக மொத்தத் தடிமன் 52. கேசிங்கின் விளம்பரத்தில் "240 ரேடியேட்டர் பொருந்தும்" என்று இருந்தது. மேற்கூரையில் அதற்கான துளைகளும் இருந்தன. ஆனால் கூரைக்கும் தாய்ப்பலகையின் மேல்விளிம்புக்கும் இடையே அளவுகோல் 38 மில்லிமீட்டர்தான் காட்டியது. ரேடியேட்டர் உட்காரும், காற்றாடிகள் 14 மில்லிமீட்டர் கீழிறங்கி, செயலிக்கு மின்சாரம் தரும் எட்டு முனை இணைப்பின் மீதும், மின்சீராக்கிகளின் மீதுள்ள அலுமினியத் துண்டின் மீதும் இடிக்கும். உயரமான உலோகச் சட்டை போட்ட ரேம் பலகைகளும் அதே வழியில் நின்றன. துளை இருப்பதும் இடம் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

பின்புறத்தில் 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர் மட்டுமே நிற்கும். கையில் இருப்பது 240 என்பதால் அது பேச்சுக்கே வரவில்லை. அடிப்பகுதியில் பவர் சப்ளை இருந்தது. அது இல்லாவிட்டாலும் அங்கே ரேடியேட்டரை வைத்திருக்க மாட்டேன். காரணம், மூடிய சுற்றில் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும், அது மிக உயரமான இடத்தைத் தேடிப் போகும். ரேடியேட்டர் அடியில் இருந்தால் செயலி மீதுள்ள பம்பே உயரமான இடமாகி, காற்று அதற்குள் சேர்ந்து இரைச்சலும் தேய்மானமும் வரும்.

மிஞ்சியது முன்பக்கம். அங்கே உயரம் போதவில்லை, ஆனால் பவர் சப்ளை மறைப்புக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் கூண்டை எடுத்தால் இடம் கிடைத்துவிடும். கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, 242 மில்லிமீட்டர் நீளம். அட்டைச் செருகியிலிருந்து முன்பக்க எஃகுச் சட்டம் வரை 320 மில்லிமீட்டர். ரேடியேட்டரும் காற்றாடியும் 52 எடுத்தால் கார்டின் நுனிக்கும் காற்றாடிக்கும் இடையே 26 மில்லிமீட்டர் மிஞ்சும், 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் அதற்குள் போகும், ஆனால் நெருக்கியே போகும்.

இந்த நெருக்கத்தைத் தவிர்க்க ஒரு வழி கண்ணில் பட்டது. எஃகுச் சட்டத்துக்கும் முன்மூடியின் கண்ணாடிக்கும் நடுவே 30 மில்லிமீட்டர் வெற்றிடம் இருந்தது. காற்றாடிகளை அந்த வெற்றிடத்தில் வைத்து, சட்டத்தின் உள்பக்கம் ரேடியேட்டரை மட்டும் வைத்தால் உள்ளே 27 மில்லிமீட்டர்தான் செலவாகும். சட்டத்தை நடுவில் வைத்து இருபுறமும் இறுக்கும் இந்த முறையைப் பலரும் செய்கிறார்கள், வலைக்கண் முன்மூடி உள்ள கேசிங்கில் அது நன்றாகவே வேலை செய்கிறது. இங்கே முன்னால் இருந்தது கண்ணாடி. நான் உள்ளளவுகளை மூன்று முறை எடுத்தேன், கண்ணாடிக்கு முன்னுள்ள அளவை ஒரு முறைகூட எடுக்கவில்லை.

பிரிப்பதற்கு முன்

ஹார்ட் டிஸ்க் கூண்டை எடுக்க வேண்டும் என்றதும் அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நான்கு ஆண்டுத் திருமணப் பதிவுகள், வேறெங்கும் நகல் இல்லை. வேலையை அங்கேயே நிறுத்தினேன். ஒரு குடும்பத்தின் தாலி கட்டும் நேரத்தை மறுபடி எடுக்க முடியாது. புதிய வெளிப்புற டிஸ்க் ஒன்று வாங்கி, இரண்டு நாள் எடுத்து எல்லாவற்றையும் நகலெடுத்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்ட பிறகே திருகைத் தொட்டேன். பழைய டிஸ்க் தனி மின்னிணைப்புள்ள வெளிப்பெட்டிக்குப் போயிற்று. தீபாவளி நெருக்கத்தில் இரண்டு நாள் தாமதம் உரிமையாளருக்குச் சுமைதான், அவர் மறுக்கவில்லை.

அடுத்தது பழைய குளிர்விப்பானைக் கழற்றுவது. இந்தச் செயலிகள் அமரும் ஏஎம்4 சாக்கெட்டில் செயலியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவே தடவும் பேஸ்ட் காய்ந்து பசைபோல் ஒட்டியிருந்தால், குளிர்விப்பானை நேராகத் தூக்கும்போது செயலியும் அதோடு பெயர்ந்து வந்துவிடும், 1331 ஊசிகளில் சில வளைந்தால் செயலியே போய்விடலாம். ஆகவே பிரிப்பதற்குமுன் 15 நிமிடம் ரெண்டர் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக்கி, மின்சாரத்தைத் துண்டித்து, சூடு ஆறுமுன் நான்கு திருகுகளையும் கழற்றி, குளிர்விப்பானை இடமும் வலமுமாக மெல்லத் திருகி விடுவித்தேன். பழைய பேஸ்ட் விடாப்பிடியாக இருந்தது, ஆனால் செயலி அசையவில்லை.

இங்கே ஒரு சிறு தடை வந்தது. அந்தப் பழைய குளிர்விப்பான் தாய்ப்பலகையின் பின்தகட்டில் நேராகத் திருகப்படுவது, அதைப் பூட்டும்போது சாக்கெட்டின் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் கொக்கிச் சட்டங்களைக் கழற்றிவிட வேண்டும். புதிய பம்போ அந்தக் கொக்கிகளைப் பிடித்துத்தான் நிற்கும். கழற்றிய சட்டங்கள் எங்கே என்று அவர்களுக்கு நினைவில்லை. என் கடையில் செத்த தாய்ப்பலகை ஒன்றிலிருந்து எடுத்து வைத்த ஒரு ஜோடி இருந்ததால் வேலை நின்றுபோகவில்லை.

முதல் பொருத்தல்

குழாய்கள் கீழே வருமாறு ரேடியேட்டரை நிறுத்தினேன். அப்போது காற்றுக்குமிழ்கள் ரேடியேட்டரின் மேல்தொட்டியில் தங்கிவிடும், பம்புக்குள் போகும் வாயருகே வராது. இது இன்றைக்கு மட்டும் உரிய கவலை அல்ல. ரப்பர்க் குழாயின் சுவர் வழியாக ஆண்டுக்கணக்கில் நீர் மிக மெதுவாக ஆவியாகி வெளியேறுகிறது, உள்ளே காற்றின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. குழாய் ரப்பர் என்றதும் உரிமையாளரின் தம்பி, நம் மரத்து ரப்பரா என்று ஆவலுடன் கேட்டார். 1877-இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட கோலகங்சாருக்குப் பக்கத்து ஊர்க்காரருக்கு அந்தக் கேள்வி இயல்பானது. ஆனால் இந்தக் குழாய்களுக்குப் பயன்படுவது எத்திலீன், புரோப்பிலீன் ஆகியவற்றிலிருந்து செய்யும் செயற்கை ரப்பர்.

தாய்ப்பலகையில் பம்புக்கென்று தனி இணைப்பு இல்லை. பம்பைச் செயலிக் காற்றாடி இணைப்பில் கொடுத்து, பயோஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புகளில்) அதை எப்போதும் முழு வேகத்தில் ஓடுமாறு வைத்தேன். பம்ப் ஒரு நாள் நின்றுவிட்டால் கணினி தொடங்கும்போதே எச்சரிக்கும் என்பதற்காகவே இந்த இணைப்பைத் தேர்ந்தேன். இரண்டு காற்றாடிகளும் கேசிங் காற்றாடி இணைப்புக்குப் போயின.

வேலை முடிந்ததும் என் கடையில், குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்த 26 டிகிரி அறையில், பத்து நிமிடம் ரெண்டர் ஓட்டினேன். 71 டிகிரி. மனநிறைவோடு கொடுத்தனுப்பினேன். மறுநாள் மாலை உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். நாற்பது நிமிடம் ஓடியதும் 89 டிகிரி காட்டுகிறது என்றார்.

எங்கே தவறியது

இரண்டு பிழைகள் சோதனையிலேயே இருந்தன. முதலாவது, அறை. அறையின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் செயலியின் வெப்பமும் ஏறத்தாழ ஒரு டிகிரி கூடும், 26-இல் எடுத்த அளவை வைத்துக்கொண்டு 38 டிகிரி மாடத்தைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டாவது, நேரம். ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி சூடேற 4.18 ஜூல் வேண்டும், உலோகத்தோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். ஆகவே நீர் மெதுவாகத்தான் சூடேறுகிறது. முதல் பத்து நிமிடத்தில் நான் பார்த்தது குளிர்விப்பானின் திறனை அல்ல, நீர் இன்னும் முழுதாகச் சூடேறாமல் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்ததைத்தான். அரைமணி நேரத்துக்குக் குறைந்த சோதனை நீர்க்குளிர்விப்பானுக்குச் சோதனையே அல்ல.

மூன்றாவது பிழை பொருத்தலிலேயே இருந்தது. ஸ்டூடியோவில் 88 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தபோது கண்ணாடி முன்மூடியை மட்டும் கழற்றி எடுத்தேன். எட்டு நிமிடத்தில் வெப்பம் 79-க்கு இறங்கியது. 30 மில்லிமீட்டர் வெற்றிடத்தில் 25 மில்லிமீட்டர் காற்றாடியை வைத்ததால், இறக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மிஞ்சியது 5 மில்லிமீட்டர். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சிழுக்கும் நிலை அது. அதோடு, காற்று உள்ளே வர முன்மூடியின் இருபுறமும் 12 மில்லிமீட்டர் அகலமும் 330 மில்லிமீட்டர் உயரமும் உள்ள இரண்டு பிளவுகள்தாம் இருந்தன. அவற்றின் மொத்தப் பரப்பு சுமார் 79 சதுர சென்டிமீட்டர். ஒரே ஒரு 120 மில்லிமீட்டர் காற்றாடியின் இறக்கைகள் சுற்றும் பரப்பே சுமார் 90.

இரண்டாம் பொருத்தல்

காற்றாடிகளை வெற்றிடத்திலிருந்து எடுத்து ரேடியேட்டரின் உள்பக்கத்துக்கு மாற்றினேன். இப்போது கண்ணாடிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே முழு 30 மில்லிமீட்டர் வெற்றிடம் கிடைத்தது, காற்றாடிகள் ரேடியேட்டர் வழியாக அதிலிருந்து காற்றை இழுத்தன. முதலில் தவிர்த்த அந்த 26 மில்லிமீட்டர் நெருக்கத்தை ஏற்றுக்கொண்டேன், குழாய்கள் கார்டின் நுனியை உரசாமல் ஒரு விரல் இடைவெளியில் திரும்பின. முன்மூடியைப் பிடிக்கும் நான்கு திருகுகளிலும் 8 மில்லிமீட்டர் ரப்பர் வாஷர் போட்டு மூடியை முன்தள்ளியதில், இருபுற விளிம்பில் மட்டும் 50 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வழி கூடியது.

இந்தக் கட்டத்தில் நடக்கவிருந்த ஒன்றைப் பதிவு செய்வது அவசியம். காற்றாடியை ரேடியேட்டரோடு சேர்க்கும் திருகு 30 மில்லிமீட்டர் நீளம், ரேடியேட்டரை எஃகுத் தகட்டோடு நேராகச் சேர்ப்பது 6 மில்லிமீட்டர். இரண்டின் மரையும் ஒன்றே. உதவிக்கு நின்ற தம்பி நீளத் திருகை எடுத்துத் தகட்டில் வைத்துத் திருப்பத் தொடங்கியிருந்தார். இன்னும் சில சுற்று போயிருந்தால் அது நீர் ஓடும் குழலைக் குத்தியிருக்கும், ரேடியேட்டர் அதோடு முடிந்திருக்கும். "தம்பி, நிறுத்துங்க" என்று கையைப் பிடித்தேன். அதன்பின் நீளத் திருகுகளையும் குட்டைத் திருகுகளையும் வெவ்வேறு தட்டில் வைத்தோம்.

மேசையின் பின்பலகை ஆறு திருகுகளில் நின்றது. அதை அறுக்க எனக்கு மனம் வரவில்லை, கேட்கவும் இல்லை. கழற்றலாமா என்று மட்டும் கேட்டேன். உரிமையாளர் தாமே திருப்புளியை வாங்கிக் கழற்றினார். மாடத்துக்குள் வெப்பம் 38-இலிருந்து 34-க்கு இறங்கியது.

பழைய சிறு குளிர்விப்பான் கீழ்நோக்கி ஊதியதால் சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சீராக்கிகளுக்கும் காற்று கிடைத்துவந்தது. நீர்க்குளிர்விப்பான் வந்ததும் அது நின்றுபோய், அவற்றின் உணரி 91 டிகிரி காட்டியது. கூரையில் ரேடியேட்டருக்குப் போதாத அந்த 38 மில்லிமீட்டரில் ஒற்றைக் காற்றாடி தாராளமாக நின்றது. பின்புறக் காற்றாடிக்குத் துணையாக அதுவும் வெளியே ஊதத் தொடங்கியதும் 76-க்கு இறங்கியது. ரேடியேட்டரின் வெப்பக்காற்று உள்ளே வருவதால் கிராஃபிக்ஸ் கார்டு 3 டிகிரி கூடுதலாகச் சூடேறியது. அதை ஏற்றுக்கொண்டோம்.

இம்முறை ஸ்டூடியோவிலேயே, மாடத்திலேயே, நாற்பது நிமிடம் ஓட்டினோம். 80 டிகிரியில் நிலைத்தது. ஒப்பீட்டுக் காட்சிக்கு 29 நிமிடம்.

மின்வரம்பு

பயோஸில் செயலியை 65 வாட் வகுப்புக்கு இறக்கினால் அதன் உச்ச மின்னளவு 142-இலிருந்து 88 வாட்டாகிறது. அதையும் அளந்து பார்க்காமல் வேலையை மூட விரும்பவில்லை. 66 டிகிரி, 32 நிமிடம். மூன்று நிமிட இழப்புக்கு 14 டிகிரி குறைகிறது, காற்றாடிகள் ஏறத்தாழ அடங்கிவிடுகின்றன. குரல்பதிவும் அதே அறையில் நடப்பதால் உரிமையாளர் 88 வாட்டையே தேர்ந்தார்.

பின்னர்

முதல் மூன்று நாள் தொடங்கும்போது நீர் களகளக்கும் ஒலி கேட்டது. கேசிங்கை ஓடும்போதே முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்ததில் குமிழ்கள் மேல்தொட்டிக்குப் போய் ஒலி நின்றது. தீபாவளி வேலைகள் நேரத்துக்கு முடிந்தன. 2024 ஜனவரி 25 தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில் எடுத்த காட்சிகளும் இதே கணினியில் தொகுக்கப்பட்டன.

பிப்ரவரி இறுதியில் வெப்பம் 73-க்கு ஏறியிருந்தது. கழற்றிப் பார்த்தபோது ரேடியேட்டரின் இதழ்களில் வெறும் தூசி இல்லை, பிசுபிசுப்பான படலம் இருந்தது. செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரிகள் கிளப்பும் செம்மண் தூசியும், வெள்ளிக்கிழமைகளில் அறையில் போடும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து படிந்தது அது. ஊதினால் போகவில்லை, மென்மையான தூரிகையால் தேய்க்க வேண்டியிருந்தது. 67-க்குத் திரும்பியது. சாம்பிராணியை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தூரிகை போட வேண்டும் என்று சொன்னேன், தம்பி அதைச் செய்து வருகிறார்.

மீண்டும் செய்வதானால்

பெட்டி ஏற்கெனவே வாங்கப்பட்டிருந்ததால் அதைப் பொருத்துவதே வேலை என்று நான் ஏற்றுக்கொண்டேன். மின்வரம்பு சோதனையை முதல் நாளே செய்திருந்தால், 88 வாட்டுக்கு அந்தக் கேசிங் குளிர்விப்பானுக்கு இடம் தரும் 150 மில்லிமீட்டர் உயரத்துக்குள் நிற்கும் நல்ல கோபுரக் காற்றுக்குளிர்விப்பான் ஒன்றே போதும் என்று அவரிடம் சொல்லியிருப்பேன். செலவு குறைந்திருக்கும், கூண்டை எடுக்க வேண்டியிருந்திருக்காது, நீர் ஆவியாகும் கவலையும் இல்லை. நீர்க்குளிர்விப்பானைத் திருப்பிக் கொடுக்கும் கெடு அப்போது இன்னும் முடியவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இப்போது இத்தகைய வேலை வந்தால் கணினியைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்வதில்லை. அளவுகோலையும் வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு அது நிற்கும் இடத்துக்கே போகிறேன். முதலில் முன்மூடியைக் கழற்றி வைத்து அரைமணி, மாட்டி வைத்து அரைமணி ஓட்டுகிறேன். இரண்டு எண்களுக்கும் நடுவே ஐந்து டிகிரிக்கு மேல் இருந்தால் குளிர்விப்பானைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூடியைப் பற்றிப் பேசுகிறோம்.